சுவிட்சர்லாந்தில் சமைத்துச் சாப்பிட்டே சமாளிப்பது எப்படி? நாலு பேர், எட்டு நாள், 24 வேளைக் கணக்கு

சூரிச் விமான நிலையத்தில் நாங்கள் இறங்கியது ஒரு சனிக்கிழமை மாலை. பெட்டியைத் தள்ளிக்கொண்டு ரயிலுக்குப் போகும் வழியிலேயே மிக்ரோஸ் சூப்பர் மார்க்கெட் இருந்தது. "இங்கேயே பால், ரொட்டி வாங்கிடலாமே" என்றாள் மனைவி. "ஏர்போர்ட் கடைம்மா, தீட்டிடுவான். வீட்டுப் பக்கத்துல பாத்துக்கலாம்" என்றேன். வீட்டைக் கண்டுபிடித்து, சாவி வாங்கி, பெட்டியை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தால் கடை சாத்தியிருந்தது. மறுநாள் ஞாயிறு. அன்று முழுவதும் சாத்தியேதான் இருந்தது. அம்மா கொண்டுவந்திருந்த முறுக்கும் வேர்க்கடலை உருண்டையும்தான் முதல் ராத்திரிச் சாப்பாடு. ஊருக்குத் திரும்பும் நாளில் அதே ஏர்போர்ட் கடைக்குள் நுழைந்து விலையைப் பார்த்தேன். நாங்கள் எட்டு நாளும் வாங்கிய அதே பால், அதே விலை. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் மோசம்.

விசா, ரயில் பாஸ் எல்லாம் பலர் எழுதிவிட்டார்கள். இது சோற்றுக் கணக்கு மட்டும். நான், மனைவி, மகள், அம்மா என்று நாலு பேர். இரண்டு ராத்திரி சூரிச், ஆறு ராத்திரி வெங்கென் என்ற மலைக் கிராமம். இரண்டு இடத்திலும் சமையலறை உள்ள வீடு. மனக்கணக்குக்கு ஒரு பிராங்க் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டேன்.

படி 1: வேளையை எண்ணுங்கள்

"ஒரு நாளைக்கு இவ்வளவு" என்று பட்ஜெட் போட்டால் இரண்டாம் நாளே உடைந்துவிடும். ஒரு நோட்டுப் பக்கத்தில் 24 கட்டம் போடுங்கள். எட்டு நாள், நாளுக்கு மூன்று வேளை. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்து: வீட்டில் சமைப்பது என்றால் 'ச', கட்டிக்கொண்டு போவது 'க', வெளியே சாப்பிடுவது 'வெ'.

எங்கள் கட்டங்களில் 22 இடத்தில் ச அல்லது க, இரண்டு இடத்தில் மட்டும் வெ. வீட்டில் செய்யும் ஒரு வேளை நாலு பேருக்கும் சேர்த்து 9 பிராங்க் என்று வைத்தேன், ஆக சுமார் 200. வெளியே இரண்டு வேளைக்கு 170. காபி, ஐஸ்கிரீம், மகள் கேட்கும் சாக்லேட்டுக்கு 50. மொத்தம் 420.

வெளியே சாப்பிடும் அந்த இரண்டு வேளையை முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். அந்த ஊருக்குப் போய் உருக்கிய சீஸில் ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடும் ஃபாண்ட்யூவைக் கண்ணிலேயே காணாமல் வருவதும் பாவம்தான். ஆனால் அதை நாம் தேர்ந்தெடுத்த நாளில் சாப்பிட வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்குக் கையில் ஒன்றும் இல்லாமல், மகள் பசியில் அழ, கண்ணில் பட்ட முதல் ஓட்டலில் நுழைவதில்தான் காசு கரைகிறது.

செலவுக் கணக்குக்கு ஆப் பலர் பரிந்துரைப்பார்கள். எனக்குச் சட்டைப்பை நோட்டும் பேனாவும்தான். பில்லை மடித்து அதிலேயே செருகிவிடலாம்.

படி 2: நாள்காட்டியைப் பாருங்கள்

அங்கே பெரும்பாலான கடைகளுக்கு ஞாயிறு விடுமுறை. சனிக்கிழமை மற்ற நாள்களைவிடச் சீக்கிரமே சாத்திவிடுவார்கள். ஆகஸ்ட் 1 தேசிய நாள், அன்றும் அப்படித்தான். ஆபத்துக்கு உதவுவது பெரிய ரயில் நிலையங்களும் விமான நிலையமும். சூரிச் தலைமை நிலையத்தின் கீழ்த்தளக் கடைகள் ஞாயிறன்றும் திறந்திருக்கும். எங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றியது அங்கே ஒரு சின்னக் கடை. ரொட்டி, முட்டை, பால், வாழைப்பழம்: 22 பிராங்க். பட்ஜெட்டில் இல்லாத 22.

சுற்றுலாக் கிராமங்களில் சீசனில் ஞாயிறும் கடை திறப்பது உண்டு. அதை நம்பிப் போகாதீர்கள், கடையின் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஊரிலிருந்து எதை எடுத்துப் போவது

பொடிகள்: சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல். கடுகு, உளுந்து, பெருங்காயம், காய்ந்த மிளகாய் எல்லாம் ஒரே டப்பாவில் சின்னச் சின்ன பாக்கெட்டாக. அரிசி சுமக்க வேண்டாம், அங்கே மலிவாகவே கிடைக்கிறது. ரெடிமேட் உப்புமா, பொங்கல் மிக்ஸ் எனக்குப் பிடிக்காது. இரண்டாம் நாளே நாக்கு செத்துவிடும்.

இறைச்சி, பால் பொருள்கள் இந்தியாவிலிருந்து கொண்டுபோக அனுமதி இல்லை. நெய்யும் பால் பொருள்தான். (இதை முதலில் எழுத விட்டுவிட்டேன். படித்துவிட்டு ஒருவர், "அரை லிட்டர் நெய் பேக் பண்ணிட்டேனே" என்று கேட்ட பிறகு சேர்க்கிறேன். அங்கே வெண்ணெய் அருமையாக இருக்கும், வாங்கிக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.) பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது, சான்றிதழ் வேண்டும். அதற்கு வழி படி 5-இல்.

படி 4: குக்கர் (நான் வழுக்கி விழுந்த இடம்)

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

வீட்டில் இருந்த இரண்டு லிட்டர் குக்கரைத் துணிகளுக்கு நடுவில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். சூரிச் வீட்டில் பழைய மின் அடுப்பு, வேலை செய்தது. வெங்கென் வீட்டில் வழவழவென்று கறுப்புக் கண்ணாடி அடுப்பு. அரிசியும் தண்ணீரும் வைத்து, பொத்தானை அழுத்தினால் எண் மினுக் மினுக்கென்று மின்னிவிட்டு அணைந்துவிடுகிறது. அடுப்புதான் பழுது என்று நினைத்து வீட்டுக்காரருக்குப் போன் போடப் போனேன். அம்மா அங்கிருந்த அவர்களின் இரும்புச் சட்டியைத் தூக்கி வைத்தார். உடனே சூடேறியது. அப்போதுதான் உறைத்தது: அது காந்தம் ஒட்டும் பாத்திரத்தை மட்டுமே சூடாக்கும் இண்டக்‌ஷன் அடுப்பு, நம்முடையது அலுமினியக் குக்கர்.

சரி, சட்டியிலேயே வேக வைக்கலாம் என்றால் அடுத்த சிக்கல் மலை. வெங்கென் சுமார் 1,274 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். சோறு கொஞ்சம் நேரம் கூட எடுத்து வெந்துவிட்டது. துவரம்பருப்பு? ஒன்றேகால் மணி நேரம் கொதித்தும் விரலால் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தது. அன்று ராத்திரி சாம்பாரில் பருப்பைக் கடித்துத்தான் சாப்பிட்டோம்.

ஆகவே: ஸ்டீல் குக்கர்தான் வேண்டும், அடியில் இண்டக்‌ஷனுக்கு ஏற்ற தட்டு உள்ளதாக. சோதிக்க எளிய வழி, பிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை அடியில் வைத்துப் பாருங்கள், நன்றாக ஒட்ட வேண்டும். குக்கர் வேண்டாம் என்றால் துவரம்பருப்பை மறந்துவிட்டு மைசூர் பருப்பு எடுத்துப் போங்கள். ஊற வைத்தால் சட்டியிலேயே குழைந்துவிடும். மீதி நாள்கள் எங்களுக்கு அதுதான்.

எலக்ட்ரிக் ரைஸ் குக்கர் எடுத்துப் போகலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். மின்னழுத்தம் நம்மைப் போலவே 230 வோல்ட், அதில் சிக்கல் இல்லை. ஆனால் அவர்களுடைய பிளக் அவர்களுக்கே உரிய மூன்று முனை ரகம். நம் உருண்டைத் தடி பிளக் நுழையாது, அடாப்டர் வேண்டும். மலிவான அடாப்டரில் ரைஸ் குக்கரைச் சொருகாதீர்கள், அது எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று பார்த்து வாங்குங்கள்.

படி 5: எந்தக் கடையில் எதை வாங்குவது

மிக்ரோஸ், கோப் இரண்டும் எங்கும் இருக்கும். டென்னர், ஆல்டி, லிடில் மலிவு. மலிவுக் கடையைத் தேடி அரை மணி நேரம் அலைவதைவிட, பக்கத்துக் கடையிலேயே மலிவு ரகத்தை எடுப்பது என் கட்சி. மிக்ரோஸில் பச்சை உறையில் எம்-பட்ஜெட், கோப்பில் பிரி கரான்டி. அரிசி, பாஸ்தா, பால், சர்க்கரை, தக்காளி டப்பா எல்லாம் இந்த ரகத்தில் இருக்கும். விலைச் சீட்டில் சின்ன எழுத்தில் கிலோவுக்கோ 100 கிராமுக்கோ விலை போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து எடுங்கள். மூடும் நேரம் நெருங்கும்போது 25, 50 சதவீதத் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ரொட்டியையும் சாலட்டையும் அப்போது அள்ளலாம்.

உறையில் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் மூன்றும் இருக்கும், ஆங்கிலம் பெரும்பாலும் இருக்காது. போன் கேமராவில் மொழிபெயர்க்கலாம், ஆனால் சில சொற்கள் மனப்பாடமாக இருந்தால் நல்லது. பூலே என்றால் கோழி, ரிண்ட் மாடு, ஷ்வைன் பன்றி, ஷ்பெக் பன்றிக் கொழுப்புத் துண்டு. தயிருக்கு, யோகர்ட் டப்பாவில் 'நேச்சர்' என்று ஆங்கிலத்தில் எழுதுவது போலவே எழுதியிருப்பதை எடுங்கள். நான் அவசரத்தில் குவார்க் என்ற ஒரு வகைச் சீஸை எடுத்துவிட்டேன். பார்க்கத் தயிர் போலத்தான் இருக்கும். சோற்றில் போட்டுப் பிசைந்தால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கொள்கிறது.

அரிசியில் 'பார்பாயில்ட்' என்று இருந்தால் அது நம் புழுங்கல்தான், சாம்பாருக்கும் தயிருக்கும் பொருந்தும். உருளைக்கிழங்குப் பையில் நிறம் பாருங்கள்: பச்சை என்றால் உடையாத ரகம், வறுவலுக்கு. நீலம் என்றால் மாவாக வெந்து மசியும், மசாலாவுக்கு.

பல கடைகளில் காய்கறியை நாமே எடை போட வேண்டும். இது தெரியாமல் தக்காளியும் கத்திரிக்காயும் எடுத்துக்கொண்டு நேரே பில் போடும் இடத்துக்குப் போய்விட்டேன். அந்தப் பெண் தக்காளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஏதோ சொல்லிக் கையைக் காட்டினார். தராசு கடையின் மறுகோடியில். ஓடினேன். தராசில் எண் அழுத்தச் சொல்கிறது, எந்த எண் என்று தெரியவில்லை. அது காய் வைத்திருந்த இடத்தின் விலைச் சீட்டில் இருக்கிறது. திரும்ப ஓடி, எண்ணைப் பார்த்து, அழுத்தி, ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வருவதற்குள் வரிசையில் ஏழு பேர். யாரும் முகம் சுளிக்கவில்லை, எனக்குத்தான் வியர்த்துவிட்டது. அதற்குப் பிறகு காயை எடுக்கும்போதே விலைச் சீட்டைப் போனில் ஒரு படம் எடுத்துவிடுவேன்.

கறிவேப்பிலை, பச்சை மிளகாய், முருங்கைக்காய் வேண்டும் என்றால் தமிழ்க் கடைதான். எண்பதுகளிலிருந்து ஈழத்திலிருந்து போய் வாழ்கிற நம் மக்கள் அங்கே நிறைய. சூரிச், பெர்ன், பாசல் என்று ஊருக்கு ஊர் அவர்களின் கடை இருக்கிறது. திங்கள் காலை ரயில் ஏறும் முன் ஒன்றில் நுழைந்தோம். "எங்கயிருந்து வந்தனீங்கள்?" என்றார் கடைக்காரர். "மதுரையண்ணா, வெங்கென் போறோம்." "ஐயோ, மலையில ஒண்டும் கிடைக்காது. இஞ்சையே வாங்கிக்கொண்டு போங்கோ." கறிவேப்பிலை, மிளகாய், கத்திரிக்காய், ஒரு பாக்கெட் இடியாப்ப மா, எல்லாம் 31 பிராங்க். அம்மாவுக்குக் கூடுதலாக ஒரு கொத்து கறிவேப்பிலையைக் காசில்லாமல் பையில் போட்டார்.

அவர் சொன்னது பாதிதான் சரி. வெங்கெனிலேயே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கோப் இருக்கிறது, அன்றாடச் சாமான் கிடைக்கும். கார் போகாத ஊர், கீழேயிருந்து ரயிலில்தான் போக வேண்டும். ஆனால் ஊரிலேயே கடை இருப்பதால், கனமானதை வழியில் வரும் இண்டர்லாகன் ஓஸ்ட் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள கோப்பில் வாங்கி மாட்டிக்கொண்டு தோளை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. நான் உடைத்துக்கொண்டேன்.

படி 6: கட்டுச்சோறு

காலையில் எலுமிச்சை சாதம் அல்லது புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல். சோறு வேண்டாத நாளில் ரொட்டி, அவித்த முட்டை, வெள்ளரிக்காய். ரயிலில் சாப்பிட யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். யுங்ஃப்ராயோக் என்ற மலைக் கணவாயின் ரயில் நிலையத்தில், 3,454 மீட்டரில், இந்திய உணவகமே உண்டு. நாங்கள் ஜன்னலோரம் டப்பாவைத் திறந்து புளிசாதம் சாப்பிட்டோம்.

தண்ணீர் வாங்கவே வாங்காதீர்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், தெரு நீரூற்றிலும் பிடிக்கலாம். குடிக்கக் கூடாது என்றால் 'காயின் டிரிங்க்வாசர்' என்று எழுதியிருப்பார்கள். ஒரு நல்ல பிளாஸ்க் கட்டாயம். வெளியே நாலு காபி என்றால் 20 பிராங்க் ஆகிவிடும். அந்த எண்ணை ரூபாயாக மாற்றியதும் அம்மா காபியை விட்டுவிட்டு, பிளாஸ்கில் சுக்குத் தண்ணிக்கு மாறிவிட்டார்.

கடைசிக் கணக்கு

முதல் பெரிய கடை 78, இரண்டாவது 64, தமிழ்க் கடை 31, ஞாயிறு ரயில் நிலையம் 22, சில்லறைச் சாமான் 40. ஃபாண்ட்யூ ராத்திரி 118, ஒரு சுயசேவை உணவகத்தில் மத்தியானம் 64. காபி, ஐஸ்கிரீம் 35. ஆக 452 பிராங்க். பட்ஜெட்டைவிட 32 கூடுதல், அதில் 22 என் ஏர்போர்ட் புத்திசாலித்தனத்தின் விலை. ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 14 பிராங்க் வருகிறது.

சேர்க்கை: குப்பையைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று அங்கேயே வாழும் ஒரு வாசகி கேட்டார். உண்மைதான். பல ஊர்களில் குப்பைக்கென்று வரி சேர்த்த பை விற்பார்கள், அதில் போட்டால்தான் எடுப்பார்கள். வீட்டில் எத்தனை பை தருகிறார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒன்றுதான் தந்தார்கள். தினமும் சமைக்கிற நாலு பேருக்கு அது நாலு நாளில் நிறைந்துவிட்டது.

கிளம்பும்போது அரைக் கிலோ அரிசியும் உப்பும் மிச்சம், அலமாரியிலேயே வைத்துவிட்டோம். நாங்கள் போனபோது யாரோ விட்டுப்போன முக்கால் பாட்டில் சூரியகாந்தி எண்ணெய் அங்கே இருந்தது. ஆறு நாளும் அதில்தான் தாளித்தோம்.