பள்ளியிலிருந்து புகார் வரும்போது: ஆட்டிசம் உள்ள குழந்தைக்காக ஒரு நாற்பது பக்க நோட்டு

"இன்றும் பக்கத்துப் பையனைக் கடித்துவிட்டான். வீட்டில் கண்டிக்கவும்."

என் மகன் எல்கேஜி படித்தபோது டைரியில் சிவப்பு மையில் வந்த வரி இது. அந்த மாதத்தில் ஏழாவது முறை. கண்டித்தோம். காலை பதினொன்றரைக்கு நடந்ததற்கு ராத்திரி எட்டு மணிக்குக் கண்டித்தோம். சோறு ஊட்டிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று எதற்கோ கத்துகிறாள் என்பதைத் தவிர அவனுக்கு வேறு எதுவும் புரிந்திருக்காது. மறுநாளும் டைரி வந்தது.

நான் டாக்டரோ தெரபிஸ்டோ இல்லை. தெரபி சென்டரில் சொல்லிக் கொடுத்ததை வீட்டிலும் பள்ளியிலும் செய்து பார்த்த ஒரு அம்மா. 4 முதல் 8 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு, இப்போதுதான் ஆட்டிசம் என்று தெரியவந்தவர்கள் எங்கே தொடங்குவது என்று கேட்டால் நான் சொல்வது இதைத்தான். தேவையானவை: நாற்பது பக்க நோட்டு ஒன்று, பேனா, கிளாஸ் மிஸ்ஸின் இரண்டு நிமிடம். மூன்றாவதுதான் கிடைப்பது கஷ்டம்.

தொடங்கும் முன்: உடம்பைப் பாருங்கள்

வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத குழந்தை அதை வேறு எப்படியாவது காட்டத்தான் செய்யும். நடத்தை திடீரென்று மோசமானால் முதலில் பல், காது, மலச்சிக்கல், தூக்கம் இவற்றைப் பாருங்கள். என் மகன் ஒரு வாரம் முழுக்கத் தலையைச் சுவரில் மோதிக்கொண்டான். நாங்கள் பெரிய பெரிய காரணமெல்லாம் யோசித்தோம். கடைசியில் பார்த்தால் கடைவாய்ப் பல்லில் சொத்தை.

பள்ளிக் கழிப்பறைக்கு உள்ளே போகவே பயந்து, காலையிலிருந்து மூன்று மணி வரை அடக்கிக்கொண்டிருக்கும் குழந்தைகளும் உண்டு. ஆயாம்மாவிடம் "ஒரு நாளைக்கு எத்தனை தடவை போறான்?" என்று கேளுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு வலிப்பு வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். கூப்பிட்டாலும் தொட்டாலும் அசையாமல் சில நொடி வெறித்துப் பார்ப்பது அடிக்கடி நடந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

படி 1: ஒரே ஒரு நடத்தை

"அடம்", "குறும்பு", "சொன்ன பேச்சு கேக்கறதில்ல" என்பதெல்லாம் நம் எரிச்சலின் பெயர்கள். நோட்டில் எழுத அவை உதவாது. கண்ணால் பார்த்து எண்ணக்கூடியதாக எழுதுங்கள்: "பக்கத்தில் இருப்பவரின் கையைக் கடிக்கிறான்." "வகுப்பறைக் கதவைத் தாண்டி ஓடுகிறாள்."

பட்டியல் நீளமாகத்தான் இருக்கும். அதில் ஒன்றை மட்டும் எடுங்கள். ஆபத்தானதற்கு முதலிடம்: கேட்டைத் தாண்டி ஓடுவது, தலையை மோதிக்கொள்வது, கடிப்பது. கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது, ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்வது இதையெல்லாம் விட்டுவிடுங்கள். யாருக்கும் வலிக்காத வழியில் அந்தக் குழந்தை தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்கிறது. அதை நிறுத்தச் சொல்லும் ஆசிரியரிடம் நான் வாதாடியிருக்கிறேன், இனியும் வாதாடுவேன்.

படி 2: இரண்டு வாரம் எழுதுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

நோட்டுப் பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள்: முன்னால் என்ன, நடந்தது என்ன, பின்னால் என்ன. ஓரத்தில் கிழமையும் நேரமும். எங்கள் நோட்டிலிருந்து இரண்டு வரி:

செவ்வாய், 11.35. முன்னால்: கை கழுவ லைனில் நின்றான், பின்னால் இருந்தவன் இடித்தான். நடந்தது: திரும்பி அவன் தோளைக் கடித்தான். பின்னால்: மிஸ் திட்டினார், ஆபீஸ் ரூமுக்கு அனுப்பினார்.

புதன், 9.10. முன்னால்: பிரேயர், மைக் "கீ" என்று கத்தியது. நடந்தது: முன்னால் நின்ற பெண்ணின் கையைக் கடித்தான். பின்னால்: ஆயாம்மா தூக்கிக்கொண்டு ஆபீஸ் ரூமுக்குப் போனார்.

வகுப்பில் முப்பத்தைந்து குழந்தைகளை வைத்துக்கொண்டு இருக்கும் மிஸ் இதை எழுதுவார் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவோம். நான் முதல் வாரம் ஏமாந்தேன். பிறகு ஒரு சின்ன அட்டையை அவன் அடையாள அட்டைக்குப் பின்னால் மாட்டினேன். அதில் பிரேயர், லைன், எழுத்து வேலை, சாப்பாடு, விளையாட்டு, வேன் என்று ஆறு கட்டம். கடித்தால் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான். மீதியை மூன்று மணிக்கு கேட்டில் ஆயாம்மாவிடம் கேட்டு நானே எழுதிக்கொண்டேன். பள்ளியில் உண்மையில் என்ன நடக்கிறது என்று அதிகம் தெரிந்தவர் ஆயாம்மாதான். அவரை யாரும் கேட்பதில்லை.

படி 3: நோட்டைப் படியுங்கள்

சிறு குழந்தையின் இப்படிப்பட்ட நடத்தைக்குப் பின்னால் பெரும்பாலும் நான்கில் ஒன்றோ இரண்டோ இருக்கும். ஏதோ ஒன்றிலிருந்து தப்பிக்க வேண்டும். யாராவது தன்னைக் கவனிக்க வேண்டும். ஒரு பொருள் வேண்டும். அல்லது சத்தம், வெளிச்சம், தொடுகை போன்றவை உடம்புக்குத் தாங்கவில்லை, இல்லையென்றால் போதவில்லை.

எங்கள் நோட்டில் இரண்டு வாரத்தில் பதினொரு கோடு. அதில் ஏழு கை கழுவும் லைனில், மூன்று பிரேயரில். எழுத்து வேலையில் ஒன்றுகூட இல்லை. அதுவரை மிஸ் "எழுதச் சொன்னாலே கடிக்கறான்" என்று நினைத்திருந்தார், நானும் நம்பியிருந்தேன்.

அதைவிட முக்கியமான விஷயம் நோட்டின் "பின்னால்" கட்டத்தில் இருந்தது. பதினொன்றில் ஒன்பது முறை முடிவு ஒன்றேதான்: ஆபீஸ் ரூம். அங்கே சத்தம் கிடையாது. ஃபேன் ஓடும். மூலையில் ஒரு மீன் தொட்டி வேறு. நாம் தண்டனை என்று நினைத்துக்கொண்டிருந்தோம், என் பிள்ளையோ கடித்துக் கடித்து அந்த அறைக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தான்.

அவனைக் கெட்ட பையன் என்று சொல்ல இதில் என்ன இருக்கிறது? இரைச்சலிலிருந்து வெளியேற அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அது, அது பெரும்பாலும் பலித்தது.

படி 4: "முன்னால்" கட்டத்தை மாற்றுங்கள்

குழந்தையைத் திருத்துவதற்கு முன் சூழலைத் திருத்துவது சுலபம், சீக்கிரம் பலன் தருவதும் அதுதான். கை கழுவ அவனை லைனுக்கு ஐந்து நிமிடம் முன்பே ஆயாம்மாவுடன் அனுப்பக் கேட்டோம். பிரேயரில் ஸ்பீக்கரிலிருந்து தள்ளி, கடைசி வரிசையில் நிறுத்தக் கேட்டோம். இரண்டுக்கும் ஒரு பைசா செலவில்லை. சில குழந்தைகளுக்குக் காதை மூடும் ஹெட்போன் உதவும். என் மகன் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டான்.

அடுத்து, படத்தில் கால அட்டவணை. "அடுத்து என்ன" என்று தெரியாதது இந்தக் குழந்தைகளுக்குப் பெரிய பதற்றம். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும், படம் அங்கேயே இருக்கும். செய்வது இப்படி:

1. பள்ளியில் உண்மையாக இருப்பதையே போட்டோ எடுங்கள்: அவன் பெஞ்ச், அவன் டிபன் பாக்ஸ், அவன் வேன். இணையத்தில் கிடைக்கும் கார்ட்டூன் படம் வேண்டாம். ஆரம்பத்தில் பல குழந்தைகளுக்கு அது என்னவென்றே புரியாது.
2. ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்யுங்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அளவு போதும்.
3. தையல் சாமான் கடையில் வெல்க்ரோ மீட்டர் கணக்கில் கிடைக்கும். நீள அட்டையில் ஒட்டிப் படங்களை மேலிருந்து கீழாக மாட்டுங்கள். நான்கைந்து படத்துக்கு மேல் வேண்டாம்.
4. ஒரு வேலை முடிந்ததும் அந்தப் படத்தைக் குழந்தையே எடுத்து "முடிஞ்சது" உறையில் போட வேண்டும். இந்தக் கையசைவுதான் அட்டவணைக்கு உயிர். சுவரில் அழகாக ஒட்டிவைத்து யாரும் தொடாத அட்டவணையால் பயனில்லை.

அதுவும் அதிகமாகத் தோன்றினால் இரண்டே படம்: முதலில் எழுத்து, பிறகு பந்து.

பேச்சையும் சுருக்குங்கள். "ஓடாதே" என்றால் அவன் காதில் "ஓடு" மட்டும் விழலாம். "நட" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் பத்து நொடி வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். நமக்கு அந்தப் பத்து நொடி யுகமாக இருக்கும், அவனுக்கோ கேட்டதைப் புரிந்துகொள்ளவே அவ்வளவு நேரம் வேண்டியிருக்கலாம்.

படி 5: கடிப்பதற்குப் பதில் என்ன செய்வான்?

இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். "கடிக்காதே" என்றால், வெளியே போக வேண்டும் என்பதை அவன் எப்படித்தான் சொல்வது? அதே பலனைத் தரும், கடிப்பதைவிடச் சுலபமான ஒரு வழியைக் கையில் கொடுக்க வேண்டும்.

நாங்கள் ஒரு மஞ்சள் அட்டை செய்தோம். அதில் மீன் தொட்டியின் படம். வீட்டில், அவன் நிம்மதியாக இருந்த நேரத்தில், இரண்டு பேராகப் பழக்கினோம். நான் முன்னால் கையை நீட்டி உட்கார்ந்தேன். அவன் அப்பா பின்னால் இருந்து, பேசாமல், அவன் கையைப் பிடித்து அட்டையை என் கையில் வைக்க உதவினார். வைத்த அந்த நொடியே "வெளியே போலாம்" என்று சொல்லி மாடிப்படிக்குக் கூட்டிப்போவேன். ஒரு நாளைக்குப் பத்து முறை. நான்காம் நாள் அப்பாவின் கை தேவைப்படவில்லை.

பிறகுதான் பள்ளி. மிஸ் கேட்ட கேள்வி நியாயமானது: "இத குடுத்தா நாள் பூரா வெளியவே தானே இருப்பான்?"

"முதல் வாரம் அப்படித்தான் இருப்பான் மிஸ். கேட்டா கிடைக்கும்னு அவன் நம்பணும். நம்பினதுக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா காக்க வைக்கலாம்."

அப்படியே நடந்தது. அட்டை கொடுத்ததும் அனுப்புவது, பிறகு ஐந்து எண்ணிவிட்டு அனுப்புவது, பிறகு ஒரு வரி எழுதிவிட்டுப் போவது. அட்டை கொடுத்தால் பேச்சு வராது என்று பாட்டிமார் சொல்வார்கள். படத்தால் பேசுவது வாய்ப்பேச்சைத் தடுப்பதில்லை.

படி 6: நடந்துவிட்டால்

அடமும் மெல்ட்டவுனும் (தாங்க முடியாமல் குழந்தை தன் கட்டுப்பாட்டை இழந்துவிடுவது) ஒன்றல்ல. அடம் பிடிக்கும் குழந்தை நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்க்கும், கேட்டது கிடைத்தால் நிற்கும். மெல்ட்டவுனில் எது கொடுத்தாலும் நிற்காது, அந்த நேரத்தில் புத்தி சொல்வதும் வீண். மற்ற குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள், பேச்சை நிறுத்துங்கள், பக்கத்தில் இருங்கள்.

பழைய வழி பலிக்காமல் போகும்போது சில நாள் நடத்தை முன்பைவிட மோசமாகலாம். இதை முன்கூட்டியே மிஸ்ஸிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே "இது வேலைக்கு ஆகல" என்று எல்லாம் நின்றுவிடும்.

பாராட்டோ பரிசோ உடனே கிடைக்க வேண்டும். "சாயங்காலம் பார்க்" என்பது இந்த வயதில் எட்டாத தூரம். என் மகனுக்குப் பரிசு ஒரு நிமிடம் பம்பரம் பார்ப்பது. சாக்லேட்டைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

படி 7: பள்ளியிடம் பேசுவது

நோட்டோடு போங்கள். "நீங்க சரியாப் பாத்துக்கல" என்று தொடங்கினால் கதவு மூடிவிடும். "லைன்லதான் அதிகம் நடக்குது மிஸ், அங்க மட்டும் ஒண்ணு மாத்திப் பாக்கலாமா?" என்றால் யாரும் மறுப்பது கஷ்டம்.

அதோடு சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிட்ட 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசு நிதி பெறும் பள்ளிகளும் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொண்டு, தேவையான வசதி செய்துதர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். கல்வி உரிமைச் சட்டம் 2009, 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கானது. அதன் 17-ஆம் பிரிவு அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. 16-ஆம் பிரிவின்படி, சேர்த்துக்கொண்ட குழந்தையை எட்டாம் வகுப்பு முடியும்வரை பள்ளியிலிருந்து நீக்கவும் கூடாது. முதல் சந்திப்பிலேயே இதை எடுத்து வீச வேண்டாம். "வேற ஸ்கூல் பாத்துக்கங்க" என்ற வார்த்தை வரும்போது எடுங்கள், அதுவும் எழுத்தில்.

அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பு ஆசிரியரைக் கேளுங்கள். பரிசோதனைக்கும் தெரபிக்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் உண்டு. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிறுவனமே (NIEPMD) இருக்கிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கத் தயங்காதீர்கள், "முத்திரை குத்திடுவாங்க" என்று தயங்கி நாங்கள் ஒரு வருடத்தை வீணடித்தோம். ஆட்டிசத்தைக் "குணப்படுத்தும்" ஸ்டெம் செல் ஊசி, உடலிலிருந்து நச்சு நீக்கும் மருந்து என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். அதற்கு ஆதாரம் இல்லை, ஆபத்து உண்டு.

படி 8: ஜூன் மாதத்துக்கு ஒரு பக்கம்

வகுப்பு மாறினால் மிஸ் மாறுவார், கற்றதெல்லாம் பழைய மிஸ்ஸோடு போய்விடும். கோடை விடுமுறை முடிவதற்குள் ஒரே ஒரு பக்கம் எழுதிவைத்து, பள்ளி திறக்கும் முதல் நாளே புது மிஸ் கையில் கொடுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் படிக்க மாட்டார்கள். யுகேஜி மிஸ்ஸிடம் நாங்கள் கொடுத்தது இது:

"பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கலாம், ஆனால் கேட்டுக்கொண்டிருப்பான். ரயில் பிடிக்கும். எண்கள் நூறு வரை தெரியும். மைக் சத்தமும் பின்னாலிருந்து தொடுவதும் தாங்காது. காதைப் பொத்தினால் இரண்டு நிமிடத்தில் அழப்போகிறான் என்று அர்த்தம். மஞ்சள் அட்டை கொடுத்தால் வராந்தாவுக்கு அனுப்புங்கள், ஐந்து நிமிடத்தில் அவனே வந்துவிடுவான். லைனில் கடைசியாக நிறுத்துங்கள். அவன் பென்சில் பாக்ஸை மட்டும் யாரும் திறக்க வேண்டாம்."