மருந்தை நிறுத்தியதும் கொட்டிய முடி

வழுக்கைக்காக இரண்டு வருடம் தினமும் தலையில் 5 சதவீத மினாக்சிடில் என்ற முடி வளர்ச்சி மருந்தைத் தடவினேன். முடி நன்றாக இருக்கிறதே என்று போன சித்திரையில் நிறுத்திவிட்டேன். வேலூர் வெயிலில் வியர்வையோடு மருந்தும் நெற்றியில் வழிந்தது இன்னொரு காரணம்.

மூன்றாவது மாதம் தலையணை உறையெல்லாம் முடி. குளித்தால் தண்ணீர் போகும் துளையில் கொத்தாக அடைத்துக்கொண்டது. எண்ணெய், ஷாம்பூ மாற்றியதெல்லாம் வீண் செலவு. அப்புறம்தான் காட்பாடியில் தோல் மருத்துவரைப் பார்த்தேன். "மருந்து பிடிச்சு வெச்சிருந்த முடிதான் தம்பி உதிருது. வழுக்கை பரம்பரையா வர்றது, அது அப்படியேதான் இருக்கு" என்றார்.

மறுபடி ஆரம்பித்தேன். இரவில், காய்ந்த தலையில், 1 மில்லி. முதல் ஆறு வாரம் இன்னும் அதிகமாகக் கொட்டியது. அப்போதுதான் பயந்து விட்டுவிடத் தோன்றும், விடாதீர்கள். ஐந்தாம் மாதம் உச்சியில் பூனைமுடி தெரிந்தது. இப்போது சீப்பில் நாலைந்து முடிதான் வருகிறது.