பழைய ஆபீஸ் லேப்டாப்பைக் கைமாற்றும்போது நடக்கும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் நம்மவர்கள் பழைய லேப்டாப்பைக் கடையில் கொண்டுபோய் விற்பது குறைவு. சாட்ஸ்வொர்த்தில் காலேஜ் சேரும் அண்ணன் மகளுக்கு, லெனேசியாவில் இருக்கும் மச்சானுக்கு, இல்லாவிட்டால் வார இறுதித் தமிழ் வகுப்புக்கு என்று தெரிந்த கைக்கே போகும். அலட்சியமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. "நம்ம பிள்ளைதானே, அப்படியே எடுத்துக்கட்டும்" என்று கொடுத்துவிடுகிறோம். அந்தப் பிள்ளை இரண்டு வருடம் கழித்து அதை இணையத்தில் யாருக்காவது விற்கலாம். வீடு புகுந்து யாராவது தூக்கிக்கொண்டும் போகலாம், இந்த ஊரில் அது புதிதில்லை. லேப்டாப் போய்ச் சேரும் கடைசிக் கை எது என்று நமக்குத் தெரியாது.

முதல் தவறு, அது நம்முடைய பொருள்தான் என்று நினைப்பது. பல கம்பெனிகள் சில வருடங்களுக்கு ஒருமுறை லேப்டாப்பை மாற்றும்போது பழையதை ஊழியருக்கே குறைந்த விலையில் தருகின்றன. பணம் கட்டியாகிவிட்டது, பொருள் கையில் இருக்கிறது, அப்புறம் என்ன? கம்பெனியின் ஏட்டில் அது இன்னும் கம்பெனி லேப்டாப்தான் என்றால், எத்தனை முறை அழித்தாலும் பயனில்லை. விண்டோஸ் ஆட்டோபைலட் என்ற ஏற்பாட்டில் அந்த மெஷினின் அடையாளம் மைக்ரோசாஃப்ட்டின் சர்வரில் கம்பெனி பெயரில் பதிந்திருக்கும். ரீசெட் முடிந்து, நாடு, கீபோர்டு எல்லாம் தேர்ந்தெடுத்து, வைஃபையில் இணைத்ததும் கம்பெனி பெயரோடு ஒரு திரை வந்து ஆபீஸ் மின்னஞ்சலைக் கேட்கும். பிள்ளை அதற்குமேல் போக முடியாது. டிஸ்க்கையே மாற்றினாலும் இதே கதைதான், ஏனென்றால் பதிவு டிஸ்க்கில் இல்லை. ஆப்பிள் மேக்புக்கிலும் கம்பெனிப் பதிவு, முந்தைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கைக் கேட்கும் ஆக்டிவேஷன் லாக் என்று இதே மாதிரி பூட்டுகள் உண்டு. விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளுக்குப் பாஸ்வேர்ட் இருந்தால் அது தனித் தலைவலி.

இதை அவிழ்க்கக் கூடியது கம்பெனியின் ஐடி பிரிவு மட்டுமே. அதனால் வேலையில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்: ஆட்டோபைலட்டிலிருந்தும் நிர்வாகப் பட்டியலிலிருந்தும் எடுத்தாயிற்றா, பயாஸ் பாஸ்வேர்ட் நீக்கியாயிற்றா என்று. சீரியல் நம்பரோடு ஒரு மின்னஞ்சலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலையை விட்ட பிறகு போன் செய்து கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

அடுத்தது, அதிகம் பேர் மாட்டிக்கொள்வது: வரிசை மாறிப்போவது. அழிப்பது கடைசி வேலை. நாம் அதைத்தான் முதலில் செய்கிறோம், அதுவும் கையால். கோப்புகளை இணையத்திலும் சேர்த்து வைக்கும் ஒன்டிரைவ் இயங்கிக்கொண்டிருக்கும்போது 'படங்கள்' ஃபோல்டரைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து டெலீட் அடித்தால் என்ன ஆகும்? ஒன்டிரைவுக்கு அது "இங்கே மட்டும் அழி" என்று புரியாது. இணையச் சேமிப்பிலும் அழியும், வீட்டிலுள்ள இன்னொரு கம்ப்யூட்டரிலும் அழியும். காவடி படம், கல்யாணப் படம், பாட்டியோடு எடுத்த கடைசிப் படம் எல்லாம் அதில்தான் இருக்கும். சொந்தக் கணக்கு என்றால் ஒன்டிரைவின் ரீசைக்கிள் பின்னில் 30 நாள்வரை கிடக்கும், அதற்குள் கவனித்தால் பிழைத்தோம். குரோமும் அப்படித்தான். சாதனங்களை ஒன்றோடொன்று ஒத்துப்போக வைக்கும் சிங்க் ஓடும்போது வரலாற்றையும் பாஸ்வேர்டுகளையும் துடைத்தால் போனிலிருந்தும் சேர்ந்தே போய்விடும். முதலில் கணக்கிலிருந்து வெளியேறுங்கள், பிறகு அழியுங்கள்.

அதற்கும் முன்னால் பேக்கப். ஆபீஸ் கோப்புகளை எடுக்காதீர்கள், அவை உங்களுடையவை அல்ல. ஆனால் வரி சம்பந்தப்பட்ட காகிதங்கள் உங்களுடையவை. ரிட்டர்ன் கொடுத்த நாளிலிருந்து 5 வருடம் அவற்றை வைத்திருக்க வேண்டும் என்பது வரித்துறையான சார்ஸின் விதி. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும் பழைய ஐஆர்பி5 (சம்பள வரிச் சான்று), மருத்துவ உதவித் திட்டத்தின் சான்று இவற்றையெல்லாம் ஒரு வெளி டிஸ்க்கில் போட்டு, அந்த டிஸ்க்கை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும். ஏதாவது ஒரு கணக்குக்குப் பாஸ்கீ, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலான டிஜிட்டல் சாவி, அந்த லேப்டாப்பில் மட்டும் இருந்தால், போனிலும் ஒன்று உருவாக்கிக்கொள்ளுங்கள்.

சரி, இனி அழிப்பது. ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தால் போதும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோப்பு அங்கேதான் இருக்கும், அதன் முகவரி மட்டும்தான் போயிருக்கும். இலவச மென்பொருள் ஒன்றை வைத்தே பலவற்றைத் திரும்ப எடுத்துவிடலாம். விண்டோஸ் ரீசெட்டில் 'எல்லாவற்றையும் நீக்கு' என்பதைத் தேர்ந்தெடுத்த பிறகு, 'அமைப்புகளை மாற்று' என்று ஒரு சின்ன எழுத்து இருக்கும். அதற்குள் பழையதன் மேல் எழுதி அழிக்கும் 'கிளீன் டேட்டா' என்ற சுவிட்ச் இருக்கிறது. அது தானாக ஆன் ஆகாது, நாம்தான் போட வேண்டும். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு முறை மேலெழுதினாலே போதும். ஏழு முறை, முப்பத்தைந்து முறை என்பதெல்லாம் பழைய காலத்துப் பயம். சுழலும் பாகமில்லாத, சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியின் கதை வேறு. அது தேய்மானத்தைப் பகிர்ந்துகொள்ள எழுதும் இடத்தை உள்ளுக்குள் மாற்றிக்கொண்டே இருப்பதால், மேலெழுதுவது எல்லா மூலைக்கும் போய்ச் சேரும் என்ற உறுதி இல்லை. சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி செய்யும் விண்டோஸின் பிட்லாக்கரை ஆன் செய்து முழு டிஸ்க்கையும் பூட்டிவிட்டுப் பிறகு ரீசெட் செய்வதோ, பயாஸிலோ தயாரிப்பாளரின் மென்பொருளிலோ உள்ள செக்யூர் எரேஸ் என்ற முழு அழிப்பு வசதியோதான் அதற்குச் சரியான வழி.

கணக்காளர், இன்சூரன்ஸ் ஏஜென்ட், வீடு விற்றுக்கொடுப்பவர் என்று சொந்தமாகத் தொழில் செய்பவர்களுக்கு இது வெறும் கவனம் சம்பந்தப்பட்ட விஷயமில்லை, சட்டம். வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கச் சொல்லும் ஃபிகா சட்டத்துக்காக வாங்கிய அடையாள அட்டை நகல், முகவரிச் சான்று, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் ஸ்கேன் ஃபோல்டரில் வரிசையாக நிற்கும். தென்னாப்பிரிக்க அடையாள எண்ணின் 13 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி. கூடவே முகவரியும் கிடைத்தால் மோசடிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? தேவை முடிந்த தனிநபர் தகவலை மீண்டும் படிக்க முடியாதபடி அழிக்க வேண்டும் என்று தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போபியா சொல்கிறது. அதற்குத் தயாராகக் கொடுத்திருந்த ஒரு வருட அவகாசம் 2021 ஜூனோடு முடிந்துவிட்டது.

அழிக்கும்போது சார்ஜர் செருகியே இருக்கட்டும். கிளீன் டேட்டா ஹார்ட் டிஸ்க்கில் பல மணி நேரம் ஓடும். நடுவில் கரண்ட் போய் பேட்டரியும் தீர்ந்தால் விண்டோஸ் பாதியில் நின்றுவிடும். உங்கள் பகுதியில் மின்வெட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

இன்னொன்று, கொடுக்கத் தகுதியே இல்லாததைக் கொடுப்பது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 முறையாக ஏற வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய சிப் வேண்டும். அதற்கு முந்தையதை அப்படியே பிள்ளை கையில் கொடுப்பதைவிட விண்டோஸுக்குப் பதிலான இலவச லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கலாம், கட்டுரை எழுதவும் இணையம் பார்க்கவும் தாராளமாகப் போதும். டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ அடிமூடி உப்பியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதை யாருக்கும் கொடுக்காதீர்கள், குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். மின்னணுக் கழிவைக் குப்பை மேட்டில் கொட்ட 2021 ஆகஸ்டிலிருந்தே இங்கே தடை. சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த லேப்டாப் என்றால் பிளக்கையும் பாருங்கள். இந்தியாவில் ஏசிக்கும் கீசருக்கும் போடும் தடித்த மூன்று முள் பிளக்தான் இங்கே பரவலாக இருப்பது. மெல்லிய முள் சார்ஜரை அடாப்டர் இல்லாமல் கொடுத்தால் பிள்ளை முதல் நாளே உங்களுக்குத்தான் போன் செய்வாள்.

ரீசெட் முடிந்ததும் வைஃபையில் இணைத்து, கம்பெனி பெயர் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அணைத்துவிடுங்கள். அவளுக்காக உங்கள் கணக்கைப் போட்டு 'ரெடி' செய்து கொடுக்க வேண்டாம், அப்படிச் செய்தால் இதுவரை பட்ட பாடு வீண். அவள் தன் கணக்கில் நுழைந்த பிறகு, உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் சாதனப் பட்டியலிலும் வாட்ஸ்அப்பின் இணைத்த சாதனங்களிலும் அந்த லேப்டாப் இன்னும் நிற்கிறதா என்று பார்த்து நீக்கிவிடுங்கள்.