டர்பனில் தொழிற்சாலை போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிங் ஷாகா விமான நிலையத்தை ஒட்டிய டூபே டிரேட்போர்ட் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் இடம் பார்க்கும் நம்மவர்கள், பக்கத்து ஊரான வெருலம்காரர்களானாலும் கோயம்புத்தூரிலிருந்து வருகிறவர்களானாலும், முதலில் கேட்பது "15% வரிதானே?" என்றுதான். தென்னாப்பிரிக்காவில் மற்ற இடங்களில் கம்பெனி வரி 27%. இப்படிப்பட்ட மண்டலங்களுக்கு முதலீட்டை இழுக்க அரசு வைத்த தூண்டில் அந்த 15%. நிபந்தனைகள் வருமான வரிச் சட்டம் 12ஆர் பிரிவில் இருக்கின்றன. அதைப் படிக்கத்தான் ஆளில்லை.

மண்டலம் என்றாலே சலுகை என்று நம்புவது

மண்டலத்தை அறிவிப்பது வர்த்தக அமைச்சர். வரிச் சலுகைக்கு நிதி அமைச்சரின் ஒப்புதல் தனியாக வேண்டும். 2018-இல் அதைப் பெற்றவை ஆறு. டூபேயும் ரிச்சர்ட்ஸ் பேயும் அதில் உண்டு.

சொந்தக் கம்பெனிக்கே விற்பது

இத்தனை சொல்லியும் நிற்காத தவறு இது. பம்பு செய்ய மண்டலத்துக்குள் ஒரு கம்பெனி, விற்க டர்பன் நகருக்குள் அதே முதலாளிகளின் இன்னொரு கம்பெனி. நம் வியாபாரக் குடும்பங்களுக்கு இது பழகிய ஏற்பாடு. ஆனால் உள்நாட்டில் இருக்கும் தொடர்புடைய நிறுவனத்திடமிருந்து வரும் வருமானம் மொத்தத்தில் 20 சதவீதத்தைத் தாண்டினால் 15% கிடையாது. செலவுக்கும் இதே கணக்குதான்: சொந்த லாரி கம்பெனிக்குக் கொடுக்கும் வாடகையும் அதில் சேரும். ஒரு கோடி ராண்ட் லாபத்தில் இழப்பு 12 லட்சம் ராண்ட்.

கோயம்புத்தூரில் இருக்கும் தாய்க் கம்பெனிக்கு இங்கே நிரந்தர அலுவலகம் இல்லையென்றால், அதனிடம் உதிரிபாகம் வாங்குவது இந்த 20 சதவீதத்தில் வராது. விலையை ஏற்றிப் போட்டால் மட்டும் சார்ஸ் (தென்னாப்பிரிக்க வருவாய்த் துறை) வேறு பிரிவில் பிடிக்கும்.

சரி, விற்பனையையும் மண்டலக் கம்பெனியின் பெயரிலேயே நகரக் கடையிலிருந்து நடத்தலாமா? வருமானத்தில் 90% மண்டலத்துக்குள் செய்யும் தொழிலிலிருந்து வரவேண்டும் என்பதால் அங்கேயும் இடிக்கும். பில் மண்டலத்திலிருந்தே வெளி டீலருக்குப் போகட்டும். சகோதர நிறுவனத்துக்கு ஐந்தில் ஒரு பங்குக்குள் நிறுத்துங்கள். நிறுவனத்தைப் பதிவு செய்யும் முன்பே இதைத் தீர்மானிக்க வேண்டும்; ஆடிட்டர் ஆண்டு முடிவில் வந்து ஒன்றும் செய்ய முடியாது.

சுங்க வரியே இல்லை என்று நினைப்பது

மண்டலத்துக்குள் வேலி போட்டுப் பிரித்த சுங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் இருந்தால்தான் அந்தச் சலுகை. வேலிக்கு வெளியே வழக்கமான வரி.

ஒயின், சாராயம், புகையிலை, ஆயுதம்

15% இல்லை. கேட்கவே வேண்டாம்.

இருபது வருடக் கணக்கு

வங்கிக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கையில் கடைசி வருடம் வரை 15% போடுகிறார்கள். இப்போதைய சட்டப்படி, 2031 ஜனவரி 1 முதல் தொடங்கும் வரி ஆண்டுகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதற்குப் பின் 27% போட்டும் திட்டம் தேறுகிறதா என்று பார்த்த பிறகே குத்தகையில் கையெழுத்துப் போடுங்கள்.