தொடர் விடுமுறையில் சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோனால்

2025ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு ஜனவரி 14, 15, 16 ஆகிய மூன்று நாள்களோடு 17ஆம் தேதி வெள்ளிக்கிழமையையும் அரசு விடுமுறையாக அறிவித்தது. சனி, ஞாயிறும் சேர்ந்து ஆறு நாள்கள் தொடர்ந்து விடுமுறை. மாட்டுப் பொங்கலன்று காலையில் அம்மாவின் மாத்திரை டப்பாவைத் திறந்தபோது அட்டையில் ஒரே ஒரு மாத்திரைதான் இருந்தது. அதற்காக வாடிப்பட்டிக்கும் மதுரைக்கும் இடையே இரண்டு நாள் அலைந்து கற்றுக்கொண்டதை, இனி அலையப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

பண்டிகை நாள்களில் மருந்துக் கடைகள் எல்லாம் மூடியிருக்கும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் பல கடைகள் அரை நாளாவது திறந்திருக்கும். ஆனால், நமக்கு வேண்டிய மருந்துதான் அங்கே இருக்காது. சிறிய கடைகள் பெரிய அளவில் இருப்பு வைப்பதில்லை; தீரத் தீர மொத்த விற்பனையாளர்களிடம் சொல்லி வரவழைக்கின்றன. மொத்த விற்பனையாளர் விடுமுறையில் இருந்தால், புதன்கிழமை தீர்ந்த மருந்து அடுத்த திங்கட்கிழமைதான் கடைக்கு வரும். ஆகவே, திறந்திருக்கும் கடையைத் தேடிச் சுற்றுவதைவிட, மருந்து இருக்கும் கடையைத் தொலைபேசியில் விசாரித்துவிட்டுப் புறப்படுவதே சரியான வழி.

விசாரிப்பதற்கு முன்னால் இரண்டு பொருள்களைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்: கடைசியாக வாங்கிய மருத்துவர் சீட்டு, தீர்ந்துபோன மாத்திரையின் அட்டை. மாத்திரையைக் கத்தரித்து எடுக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் அச்சிட்ட முனையை முதலில் வெட்டி எறிந்துவிடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்திருந்தது. எஞ்சிய வெள்ளித் தாளை வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் நிறத்தையும் வடிவத்தையும் வருணித்துக்கொண்டிருந்தேன். சர்க்கரை மாத்திரைகளில் பாதி வெள்ளையாகத்தான் இருக்கும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார்.

சீட்டில் இருப்பது பெரும்பாலும் நிறுவனம் வைத்த பெயர். அட்டையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் மருந்தின் மூலப்பெயர் இருக்கும்: மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு, வில்டாகிளிப்டின், டாபாகிளிஃப்ளோசின் என்பவை அப்படிப்பட்ட பெயர்கள். அதன் அருகில் மில்லிகிராம் அளவும் இருக்கும். இந்த மூன்றையும், அதாவது நிறுவனப் பெயர், மூலப்பெயர், அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டால் விசாரிப்பது எளிது. கூட்டு மாத்திரைகளில் கூடுதல் கவனம் வேண்டும். பெயரின் கடைசியில் வரும் 1, 2 என்ற எண்கள் பல கூட்டு மாத்திரைகளில் கிளிமெபிரைடின் அளவைக் குறிக்கின்றன. ஒன்றுக்குப் பதிலாக இரண்டை வாங்கி வந்தால் அந்த மருந்து இரு மடங்காக உள்ளே போகும், வயதானவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை, விழுங்க முடியாதபடி பெரிதாக இருக்கிறது என்பதற்காகப் பொடித்தோ உடைத்தோ கொடுப்பதும் ஆபத்தே.

மதுரையில் இரவு பகலாக மருந்து கிடைக்கக்கூடிய இடங்கள் என்றால், பெரிய தனியார் மருத்துவமனைகளுக்குள்ளேயே இயங்கும் மருந்தகங்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அங்கே உள்நோயாளிகள் இருப்பதால் பண்டிகை நாளிலும் இருப்பு இருக்கும். வெளியாளுக்கும் சீட்டு இருந்தால் பெரும்பாலும் கொடுப்பார்கள். அண்ணா நகர், கே.கே. நகர், கோரிப்பாளையம் பகுதிகளில் இத்தகைய மருத்துவமனைகள் பல உள்ளன. சீட்டின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, இருக்கிறது என்று பதில் வந்த பின்பே வண்டியை எடுங்கள். ஒரு மாதத்துக்கு வேண்டும் என்று கேட்டால் இல்லை என்பவர்கள்கூட, ஐந்து நாளுக்கு மட்டும் என்றால் தேடிப் பார்ப்பார்கள். எனக்குக் கடைசியில் கிடைத்தது ஆறு மாத்திரைதான், அதுவே போதுமானதாக இருந்தது. மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும் விலை குறைவு என்றாலும், பண்டிகையன்று திறந்திருக்கும் என்று நம்பி நேரே போய்விட வேண்டாம்.

சீட்டு இல்லாமல் கொடுக்க மறுக்கும் கடைக்காரரிடம் சண்டை போடுவதில் பயனில்லை. இந்த மருந்துகளை மருத்துவர் சீட்டின் பேரில்தான் விற்க வேண்டும். மீண்டும் வாங்கலாம் என்று மருத்துவர் எழுதியிருந்தாலன்றி ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான் மருந்து தர வேண்டும் என்பதும், எழுதிய மருந்துக்குப் பதிலாக வேறொன்றைக் கடைக்காரர் தாமாக மாற்றிக் கொடுக்கக் கூடாது என்பதும் விதி. ஆகவே அதே நிறுவனத்தின் மாத்திரை கிடைக்காதபோது, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, அதே மூலப்பெயரும் அளவும் கொண்ட வேறு நிறுவன மாத்திரையை வாங்கலாமா என்று கேட்டு, புதிய சீட்டு ஒன்றை எழுதிப் படமாக அனுப்பச் சொல்லுங்கள். 2020இல் வெளிவந்த தொலைமருத்துவ நெறிமுறைகளின்படி, ஏற்கெனவே தம்மிடம் சிகிச்சை பெறுபவருக்கு மருத்துவர் இப்படி எழுதித்தர இடமுண்டு. அவர் ஊரில் இல்லை என்றால், பக்கத்து மருத்துவமனையில் பணியில் இருக்கும் மருத்துவரிடம் பழைய சீட்டைக் காட்டி எழுதி வாங்குங்கள்.

அரசு மருத்துவமனையில் மருந்து வாங்குபவர்களின் சிக்கல் சற்று வேறு. புறநோயாளிகள் பிரிவும் அங்கே மாத்திரை கொடுக்கும் இடமும் விடுமுறை நாளில் வழக்கம்போல் இயங்கும் என்று நம்ப முடியாது. ஆனால், கோரிப்பாளையத்தில் உள்ள அரசு இராசாசி மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு எந்நேரமும் இயங்கும். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் அரசு மருத்துவமனைகளிலும் பணி மருத்துவர் இருப்பார். சிகிச்சைக் குறிப்பேட்டைக் கொண்டுபோய், மருந்து தீர்ந்துவிட்டது, இரண்டு நாளுக்காவது வேண்டும் என்று நேராகச் சொல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருபவர்கள், பண்டிகை வாரத்துக்கு முந்தைய வாரமே அந்தச் சுகாதாரத் தன்னார்வலரிடம் சொல்லிவைப்பது நல்லது. அவருக்கும் அது விடுமுறைதானே.

மதுரைக்காரர்கள் நாளைப் பார்த்துத்தான் வழியையும் பார்க்க வேண்டும். பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு நடக்கும் மூன்று நாளும் அந்தந்தச் சாலைகளில் அவசரமாகப் போக முடியாது. கள்ளழகர் வைகையில் இறங்கும் நாளில் கோரிப்பாளையமும் ஆல்பர்ட் விக்டர் பாலமும் மனிதத் தலைகளால் நிரம்பியிருக்கும். ஆற்றுக்குத் தெற்கே மாசி வீதிகளில் இருப்பவர் வடகரை மருத்துவமனையை நம்பியிருந்தால், முதல் நாள் மாலைக்குள்ளேயே போய் வந்துவிட வேண்டும்.

இன்சுலின் தீர்ந்துவிட்டால் இது எதற்கும் காத்திருக்கக் கூடாது. முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள், குறிப்பாகக் குழந்தைகள், ஒரு வேளைகூட இன்சுலின் இல்லாமல் இருப்பது பெரும் ஆபத்து. நேரே மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள். அவசரத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் உள்ள இன்சுலினும் 100 யூனிட் உள்ள இன்சுலினும் விற்கப்படுகின்றன. முன்னதற்குச் சிவப்பு மூடி ஊசி, பின்னதற்கு ஆரஞ்சு மூடி ஊசி. வழக்கமான 40 யூனிட் குப்பி கிடைக்காமல் 100 யூனிட் மருந்தை வாங்கி வந்து, வீட்டில் இருக்கும் சிவப்பு மூடி ஊசியில் 20 என்ற கோடு வரை இழுத்தால், உடம்புக்குள் போவது 50 யூனிட். உயிரையே பறிக்கக்கூடிய அளவு அது. மருந்து மாறினால் ஊசியையும் சேர்த்தே மாற்றுங்கள். கடையை விட்டு இறங்கும் முன் குப்பியின் எண்ணும் ஊசியின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வாங்கிய இன்சுலினைப் பனிக்கட்டிப் பொட்டலத்தோடு வைத்துத் தரச் சொல்லலாம், ஆனால் பனிக்கட்டியோடு நேராக ஒட்டக் கூடாது. உறைந்த இன்சுலின் பயன்படாது. சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் போட்டுவைப்பதும் அதைக் கெடுக்கும்.

மாத்திரை கிடைக்கும்வரை என்ன செய்வது? பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள்; அவருடைய சிறுநீரகம் வேறு, உங்களுடையது வேறு. இருக்கும் மாத்திரையைப் பாதியாக்கிச் சேமிப்பதும், கிடைத்தவுடன் விட்டுப்போனதற்கும் சேர்த்து இரண்டாக விழுங்குவதும் கூடாது. குளுக்கோமீட்டர் இருந்தால் காலையும் மாலையும் பார்த்து எழுதிவையுங்கள். சர்க்கரைப் பொங்கலும் கரும்பும் அந்த இரண்டு நாள் அடுத்தவர் தட்டிலேயே இருக்கட்டும். அளவு 300ஐத் தாண்டினாலோ, வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, மயக்கம் இவற்றில் ஏதாவது தெரிந்தாலோ மருந்துக் கடையைத் தேடிக்கொண்டிராமல் 108ஐ அழைத்துவிடுங்கள். எந்த மருத்துவமனைக்குப் போவது என்பது போன்ற ஐயங்களுக்கு 104 என்ற எண் இருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டு நாள்காட்டியில் பண்டிகைத் தேதியின் மேல் வட்டம் போடுவதில்லை. அதற்குப் பத்து நாள் முன்னால் உள்ள தேதியில்தான் போடுகிறோம். அன்று டப்பாவைக் கவிழ்த்து எண்ணி, விடுமுறை முடிந்த பின்பும் ஒரு வாரத்துக்கு வருமா என்று பார்த்து, வராது என்றால் அன்றே சீட்டோடு கடைக்குப் போகிறோம். மருத்துவரிடமும், மூன்று மாதத்துக்கு மீண்டும் மீண்டும் வாங்கிக்கொள்ளலாம் என்று சீட்டிலேயே எழுதி வாங்கியாயிற்று. அட்டையின் பெயருள்ள முனையை அம்மா இப்போது கடைசியாகத்தான் வெட்டுகிறார்.