முள்ளுக் கத்திரிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல்

கரைசல் அடித்தும் பூச்சி அடங்கவில்லை என்றால் முதலில் கொட்டையைப் பாருங்கள். ஆனி, ஆடியில் உதிரும் பழத்தைப் பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் காயவைத்து, சாக்கில் காற்றாட வைக்க வேண்டும். பாலித்தீன் பையில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். அந்தக் கொட்டை ஆகாது. எட்டு மாதம் தாண்டினால் வீரியம் போய்விடும். ஆடியில் சேர்த்தது பங்குனி வரைதான்.

ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல். அதற்கு ஓடு நீக்கிய பருப்பு 10 கிலோ வேண்டும். ஓட்டோடு எடைபோட்டு இடித்தால் பாதி பலம்கூடத் தேறாது. எண்ணெய் கசியாதபடி கொரகொரவென இடித்து, 20 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். மறுநாள் பால்போல வெளுக்கும்வரை கலக்கி, இரண்டாக மடித்த துணியில் வடிகட்டி, 200 லிட்டராக்குங்கள். சரியாக வடிகட்டாவிட்டால் நாசில் அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது ஒட்டு, அதாவது கரைசலை இலையில் பரவி ஒட்டவைக்கும் பொருள். 200 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்ப்பது வழக்கம். ஆனால் வேலூர்ப் பக்கம் பல போர்வெல்களில் உப்புத் தண்ணீர், சோப்பு திரிந்துபோகும். அங்கே பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பிழிந்த சாறுதான் நல்லது. ஒரு இலையை முக்கி எடுங்கள்: நீர் பரவினால் போதும், முத்து முத்தாக நின்றால் இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். புதிதாக அடிப்பவர்கள் நாலைந்து செடியில் அடித்து, இலை கருகுகிறதா என்று இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கழனி முழுக்க அடிக்கலாம்.

வெயில் பட்டால், வேப்பம்பருப்பில் பூச்சியை அடக்கும் பொருளான அசாடிராக்டின் சிதையும். அதனால் மாலை நாலு மணிக்கு மேல், இலையின் அடிப்புறம் நனையும்படி அடியுங்கள். மிச்சத்தை மறுநாளைக்கு வைக்காதீர்கள். மழை அடித்துப் பெய்தால் திரும்ப அடிக்க வேண்டும்.

இது அடித்தவுடன் புழுவைச் சாகடிக்கும் மருந்து அல்ல. புழு தின்பதை நிறுத்தும், தோலுரிக்க முடியாமல் போகும். மறுநாள் உயிரோடு கண்டதும் பதறி ரசாயனம் அடித்துவிட்டால், அசுவினியைத் தின்னும் பொறிவண்டும் சேர்ந்து போகும்.

காய்ப்புழு உள்ளே துளைத்துவிட்டால் எந்தச் சாறும் எட்டாது. தாய் அந்துப்பூச்சி முட்டையிடுவதைத் தடுப்பதில்தான் வேம்புக்கு வேலை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற, வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்கும் இந்தப் புழுதான் பெரிய தலைவலி. பூக்கும் முன்பே தொடங்கி, பத்து நாளுக்கு ஒருமுறை அடியுங்கள். வாடித் தொங்கும் நுனித் தண்டுகளையும் துளை விழுந்த காய்களையும் பறித்து எரித்துவிடுங்கள், வரப்பில் போடாதீர்கள்.