திக்கும்போது கூசாமல் பேச

திக்கலைவிடப் பெரிய சுமை, அதை மறைக்கிற வேலைதான். தோசைக்கு ஆசைப்பட்டு, ‘தோ’ வராது என்று இட்லி கேட்போம். நான் பல வருஷம் அப்படித்தான் சாப்பிட்டேன். ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும் அடுத்த முறைக்கான கூச்சம் கூடுகிறது. பெரியவர்களில் ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்குத் திக்கல் உண்டு. புத்திக்குறைவால் வருவதில்லை அது.

முதலில், முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்: “எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுங்க.” மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டாம். சொன்னபின் மறைக்க எதுவும் மிச்சமில்லை. தொண்டை இறுக்கம் தளரும்.

அடுத்தது கஷ்டம், ஆனால் நான் மிகவும் நம்புவது: வேண்டுமென்றே திக்குவது. பேச்சுச் சிகிச்சையாளர்கள் தரும் பழைய பயிற்சி. கண்டக்டரின் கண்ணைப் பார்த்து, “தா-தா-தாம்பரம் ஒண்ணு” என்று நிதானமாகக் கேளுங்கள். பெரும்பாலும் அவர் சில்லறை இருக்கா என்பார், அவ்வளவுதான். யாராவது சிரித்தால் வலிக்கும். வலித்தாலும் அந்தச் சொல்லை மாற்றாமல் வாக்கியத்தை முடியுங்கள்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். “மெதுவா பேசு” என்று சொல்லாதீர்கள். நாங்கள் தேடும் சொல்லை எடுத்துக்கொடுக்கவும் வேண்டாம். முடிக்கும்வரை காத்திருங்கள்.